சாய்த்துப் பிடித்த பாத்திரம்

அபூகத்தாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்யத் தண்ணீர் எடுத்து வைத்தவர் அவர்தம் மருமகள் கப்ஷா. பூனையொன்று அதில் குடிக்க வந்தது. அவர்கள் விரட்டவில்லை, அது குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியந்து நோக்கவே, பூனை அசுத்தமன்று, நம்மைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துரைத்தார்கள். முஅத்தாவிலும் அபூதாவூதிலும் உள்ள இச்செய்தி, மத்ரஸாக்களில் தண்ணீரின் சுத்தம் பற்றிய பாடத்தில் வரும். நமக்கோ சட்டத்தைவிட அந்தச் சாய்ந்த பாத்திரமே கண்ணில் நிற்கும்.

கயத்தாற்றில் நமது இல்லத்தில் 14 ஆண்டுகள் வாழ்ந்த பூனை, சென்ற கோடையில் மெலிந்தது. ஓயாத தாகம். நெல்லையை அடுத்த ராமையன்பட்டியில் 2012இல் தோன்றிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றோம். சிறுநீரகம் கெட்டுவிட்டது, மீளாது, நோவையும் குமட்டலையும் தணிக்கலாம் என்றனர்.

ஊரில் ஒருவர், சாக்கில் கட்டிக் கரிசற்காட்டில் விட்டுவரச் சொன்னார். பூனையை அடைத்துப் பட்டினியிட்ட பெண்ணைப் பற்றிப் புகாரியில் வருவதை அவருக்கு நினைவூட்டினோம். இன்னொருவர் இரக்கமுடையவர், பாராசிட்டமால் மாத்திரையில் பாதி கொடுக்கச் சொன்னார். இரக்கமே நஞ்சாகும் இடம் இது! பூனையின் ஈரலுக்கு அம்மருந்தை முறிக்கும் ஆற்றல் போதாது. இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனிழக்கும். ஒரு மாத்திரையே கொல்லக்கூடும். வாசகர்கள் இதனை இல்லத்தார் அனைவர்க்கும் சொல்லி வைப்பார்களாக.

பின்னர் செய்தவை சிறு காரியங்களே. பழைய கைலியை மடித்து விரித்தோம். மணல் தட்டை அருகில் வைத்தோம். மனைவியார் மீனை வேகவைத்து, வெதுவெதுப்பாக விரலில் நீட்டுவார். அது முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுவார். வாயைப் பிளந்து ஊட்டுவது நமது ஆறுதலுக்கேயன்றி அதற்கன்று. மடியில் குறுகுறுவென ஒலித்ததைக் கேட்டு மகிழ்ந்தோம். வலியிலும் பூனை அவ்வாறு ஒலிப்பதுண்டு என்றார் மருத்துவர்.

ஊசியால் முடித்துவிடலாமா என்ற கேள்வியும் எழுந்தது. தீராத வேதனையில் அதற்கு இடமுண்டு என்போரும் இல்லையென்போரும் உலமாக்களுள் உளர். மருந்துக்கு வேதனை அடங்காவிடில் இசைவதெனத் துணிந்தோம். அடங்கிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

ஐந்தாம் நாள் தலையைத் தூக்க அதனால் இயலவில்லை. மனைவியார் சட்டியைச் சாய்த்துப் பிடித்தார். இரண்டு முறை நக்கியது. மறுநாள் சுபுஹுக்கு முன்னர் மூச்சு நின்றது. கொல்லையில் வெடித்துக் கிடந்த கரிசல் கடப்பாரைக்கும் எளிதில் இளகவில்லை. ஆழமாகவே தோண்டினோம், நாய்கள் கிளறாதிருக்க மேலே ஒரு கல்லையும் வைத்தோம்.