காட்ஸில்லாவுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

விலை ஏறாத பொருள் என்று உலகத்தில் ஏதாவது உண்டா? பெட்ரோல் ஏறுகிறது, பால் ஏறுகிறது, டீக்கடையில் டீ கூட ஏறுகிறது. ஏறும்போது எல்லோரும் கொஞ்ச நாள் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிப்போகும். ஆனால் ஒரே கார், ஏறக்குறைய அதே உருவம், அதே எஞ்சின்... பதினெட்டு வருடத்தில் விலை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! இதற்கும் அப்படிப் பழகிவிட முடியுமா? உலகம் முழுக்க இருக்கும் கார் பைத்தியங்கள் வருடக்கணக்காகச் சண்டை போட்ட விஷயம் இது. அந்தக் காரின் பெயர் நிசான் ஜிடி-ஆர். ஆர்35 என்று சொன்னால் ரசிகர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஜிடி-ஆருக்கு காட்ஸில்லா என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. 1989-ல் இதன் முன்னோடியான ஆர்32-க்கு ஓர் ஆஸ்திரேலியக் கார் பத்திரிகை வைத்த பெயர். ஜப்பானிலிருந்து கிளம்பி வந்து மற்றவர்களை மிதித்துவிட்டுப் போவதால் அந்தப் பெயர். 2007 அக்டோபரில் டோக்கியோ மோட்டார் ஷோவில் ஆர்35 மேடை ஏறியபோது, இது ஆர்32-ஐ விடப் பெரிய காட்ஸில்லா என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. காரணம், வேகம் சூப்பர் காருடையது, விலை பாதி.

ஜப்பானில் ஆரம்ப விலை 77,70,000 யென். அமெரிக்காவில் 2008-ல் விற்பனைக்கு வந்தபோது 69,850 டாலர். அதே சமயத்தில் போர்ஷே 911 டர்போ வாங்க 1,20,000 டாலருக்கு மேல் வேண்டும். நிசான் வேண்டுமென்றேதான் அந்தக் காரைக் குறிவைத்தது. ஜெர்மனியில் 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள நியூர்பர்க்ரிங் பந்தயச் சாலையை 2008-ல் ஜிடி-ஆர் 7 நிமிடம் 29 வினாடியில் சுற்றி வந்தது. "இது கடையில் விற்கும் சாதாரண வண்டிதானா?" என்று போர்ஷே தரப்பு வெளிப்படையாகவே சந்தேகம் கிளப்பியது. போட்டியாளர் சந்தேகப்படுகிறார் என்றால் அதைவிடப் பெரிய பாராட்டு வேறு என்ன வேண்டும்?

அந்த விலைக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். 3.8 லிட்டர் வி6 எஞ்சின், இரண்டு டர்போ, 480 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்காமல் பின்சக்கரங்களுக்கு இடையே போய் உட்கார்ந்திருக்கும். முன்னால் கனமான எஞ்சின், பின்னால் கனமான கியர்பாக்ஸ், ஆக எடை இரண்டு பக்கமும் பங்கு போடப்படுகிறது. நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும், எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். எஞ்சினைச் சேர்த்துக் கட்டியது யோகோஹாமாவில் டகுமி என்று அழைக்கப்படும் கைதேர்ந்த கலைஞர்கள். ஓர் எஞ்சினுக்கு ஒருவர். பதினெட்டு வருடத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் மொத்தமே ஒன்பது பேர்தான்!

இவ்வளவையும் எப்படி அந்த விலைக்குத் தர முடிந்தது? கையால் செய்வது எஞ்சினோடு நின்றுவிட்டது என்பதுதான் சூட்சுமம். இத்தாலியச் சூப்பர் கார்களைப் போல இதற்கென்று தனித் தொழிற்சாலை கட்டவில்லை. டோச்சிகி ஆலையில் மற்ற நிசான் கார்கள் வரும் அதே லைனில்தான் ஜிடி-ஆரும் வந்தது. திட்டத்தின் தலைவர் கசுடோஷி மிசுனோ சொல்லிவந்த லட்சியமும் எளிமையானது: யார் வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் ஓட்டக்கூடிய சூப்பர் கார். இதில் "யார் வேண்டுமானாலும்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை ஏறிய கதை

அமெரிக்காவில் 69,850 டாலருக்கு வந்த வண்டி, 2012 மாடலில் 89,950 ஆனது. 2017 மாடலில் 1,09,990. 2024 மாடலில் 1,20,990. நிஸ்மோ என்ற உச்ச ரகம் 2 லட்சம் டாலரையே தாண்டிவிட்டது. முதல் மூன்று நான்கு வருடத்திலேயே இருபதாயிரம் டாலர் ஏறியதைப் பார்த்து "நிசானுக்குப் பேராசை" என்று அமெரிக்க ரசிகர்கள் கொதித்தார்கள்.

ஆனால் அதே காலத்தில் ஜப்பானில் என்ன நடந்தது? 77,70,000 யென்னிலிருந்து 2010 இறுதியில் 86,94,000 யென். அதாவது 12 சதவீதம்தான். அமெரிக்காவிலோ 29 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் நாணய மாற்று. 2008 நடுவில் ஒரு டாலருக்குச் சுமார் 107 யென் கிடைத்தது. 2011-ல் 80-க்கும் கீழே இறங்கிவிட்டது. ஜப்பானில் செய்து டாலரில் விற்பவருக்கு, விலையை ஏற்றாவிட்டால் கையில் வரும் யென் குறைந்துகொண்டே போகும். ஆக, அமெரிக்கர்கள் திட்டியிருக்க வேண்டியது நிசானை மட்டும் இல்லை, யென்னையும் சேர்த்துத்தான்.

சரி, ஏறிய விலைக்கு வண்டி ஏதாவது திருப்பிக் கொடுத்ததா? இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு உதவும். ஜப்பான் விலையைக் குதிரைத்திறனால் வகுத்துப் பார்க்கலாம்.

2007: 480 குதிரைத்திறன். ஒரு குதிரைக்கு சுமார் 16,200 யென்.
2010 இறுதி: 530 குதிரைத்திறன். ஒரு குதிரைக்கு 16,400 யென்.
2022 மாடல்: 570 குதிரைத்திறன், விலை 1,08,28,400. ஒரு குதிரைக்கு 19,000 யென்.
2025 மாடல்: அதே 570, விலை 1,44,43,000. ஒரு குதிரைக்கு 25,300 யென்!

காரின் மதிப்பு குதிரைத்திறனில் மட்டும் இல்லை, உண்மைதான். சஸ்பென்ஷன், பிரேக், உள்ளலங்காரம் எல்லாமே வருடா வருடம் மெருகேறின. 2013-ல் நிஸ்மோ ரகம், சிறப்புப் பாகங்களோடு, நியூர்பர்க்ரிங்கை 7 நிமிடம் 8 வினாடியில் சுற்றியது. முதல் நேரத்தைவிட இருபது வினாடி குறைவு. பந்தயச் சாலையில் இருபது வினாடி என்பது சாதாரணம் இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. முதல் சில வருடங்களில் விலை ஏறிய அளவுக்கு வண்டியும் ஏறியது. கடைசி வருடங்களில் விலை மட்டும் ஏறியது.

ஏன்? கடைசியில் வந்த பெரிய மாற்றம், 2023-ல் அறிமுகமான 2024 மாடல். சத்தக் கட்டுப்பாட்டு விதிக்காகப் புதிய சைலன்சர், காற்றோட்டத்துக்காகப் புதிய பம்பர்கள், பின்னால் புதிய இறக்கை. எஞ்சின் சக்தியில் மாற்றம் இல்லை. முந்தைய மாடலைவிட விலை 27 சதவீதம் அதிகம்! விதிகளுக்கு ஏற்ப வண்டியை மாற்றச் செலவாகும், அதை மறுக்க முடியாது. பதினெட்டு வருடத்தில் விற்றதே சுமார் 48,000 வண்டிகள்தான், வருடத்துக்குச் சராசரி 2,700. லட்சக்கணக்கில் விற்கும் கார் என்றால் அந்தச் செலவு பரவிக் கரைந்துவிடும். இங்கே ஒவ்வொருவர் தலையிலும் கனமாக விழுகிறது. சில ஊர்களில் அந்தச் செலவைச் செய்யவே நிசான் விரும்பவில்லை. ஆஸ்திரேலியாவில் பக்கவாட்டு மோதல் விதியால் 2021-லும், ஐரோப்பாவில் சத்த விதியால் 2022-லும் விற்பனை நின்றது.

ஷோரூம் விலைக்கு அப்பால்

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கும் சூப்பர் காருக்குப் பராமரிப்புச் செலவு பாதி கிடையாது. கியர்பாக்ஸ் ஆயில் தனி ரகம், டயர் தனி ரகம், டயருக்குள் அடைக்கும் காற்று கூட நைட்ரஜன். எல்லா நிசான் சர்வீஸ் சென்டரும் இதைத் தொட முடியாது, இதற்கென்று பயிற்சி பெற்ற இடங்கள் மட்டும்தான். ஆரம்ப வண்டிகளில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிட்டு லாஞ்ச் கன்ட்ரோலில் பாய்ந்து கிளம்பினால், உடையும் கியர்பாக்ஸுக்கு வாரண்டி கிடையாது என்ற சர்ச்சை அமெரிக்காவில் பெரிதாக வெடித்தது. பிறகு மென்பொருளை மாற்றி, கிளம்பும் வேகத்தைச் சாந்தப்படுத்தினார்கள். மிட்டாயைக் காட்டிவிட்டுக் கடிக்காதே என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

நம் நாட்டுக் கணக்கு இன்னும் வேடிக்கை. 2016 டிசம்பரில் ஜிடி-ஆர் இந்தியாவுக்கு வந்தது. டெல்லி எக்ஸ்-ஷோரூம் விலை 1.99 கோடி ரூபாய். அன்றைய அமெரிக்க விலையை ரூபாயில் மாற்றினால் 75 லட்சம்தான் வரும். மீதியில் பெரும்பகுதி வரி. முழு வண்டியாக இறக்குமதியாகும் விலை உயர்ந்த கார்களுக்கு அப்போது சுங்க வரியே 100 சதவீதம், அதற்கு மேல் மற்ற வரிகள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் 2010-லேயே நிசான் கார்கள் தயாராகத் தொடங்கியிருந்தாலும், ஜிடி-ஆர் டோச்சிகியிலிருந்துதான் கப்பல் ஏற வேண்டும். "பாதி விலை சூப்பர் கார்" என்ற பெயர் கடலைத் தாண்டும்போதே மூழ்கிவிட்டது.

உண்மையில் யார் கொடுத்தார்கள்?

அமெரிக்கர்கள்தான் அதிகம் கத்தினார்கள். ஆனால் கணக்குப் போட்டால், 2008-ன் 69,850 டாலர் என்பது 2024 விலைவாசியில் சுமார் ஒரு லட்சம் டாலர். வண்டி விற்றது 1,20,990-க்கு. பணவீக்கத்தைக் கழித்தால் ஏறியது இருபது சதவீதத்தை ஒட்டித்தான். 480-லிருந்து 565-க்கு உயர்ந்த குதிரைத்திறனுக்கு அது அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் போட்டியும் சும்மா இருக்கவில்லை. எஞ்சினை நடுவில் வைத்த புதிய கார்வெட் 2020 மாடலாக 60,000 டாலருக்கு வந்தது. ஜிடி-ஆர் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் அது வசதியாக உட்கார்ந்துகொண்டது.

சத்தம் போடாமல் உண்மையாகவே அதிகம் கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள். நுகர்வு வரி 5-லிருந்து 10 சதவீதம் ஆனதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அங்கே 77 சதவீத ஏற்றம். விலைவாசி பல வருடம் அசையாமல் கிடந்த நாடு அது. சம்பளமும் அசையவில்லை. தேசிய வரி நிறுவனத்தின் கணக்குப்படி தனியார் ஊழியரின் சராசரி ஆண்டுச் சம்பளம் 2007-ல் சுமார் 43.7 லட்சம் யென், 2023-ல் சுமார் 46 லட்சம் யென். 2007-ல் ஜிடி-ஆர் என்பது ஒன்றே முக்கால் வருடச் சம்பளம். கடைசியில் அது மூன்று வருடச் சம்பளத்துக்கும் மேல். கடன் வாங்கி, மற்ற ஆசைகளை எல்லாம் ஒதுக்கி, ஒரு தடவையாவது வாங்கிவிடலாம் என்று கனவு கண்ட சாதாரண ஊழியர் ஒருவர் அந்த வரிசையிலிருந்து மெல்ல வெளியே தள்ளப்பட்டார். மிசுனோ சொன்ன "யார் வேண்டுமானாலும்" என்பது அங்கேதான் காணாமல் போனது.

அப்படியானால் அந்த விலைக்கு ஜிடி-ஆர் தகுமா? எந்த வருடத்து வண்டி என்பதைப் பொறுத்து பதில் மாறும். 2007-ல் அது கொள்ளை மலிவு, கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்று சொல்லலாம். 2010, 2011-ல் கூட நியாயமான விலைதான், கொடுத்த ஒவ்வொரு யென்னுக்கும் எஞ்சினில் பதில் இருந்தது. 2017-க்குப் பிறகு யோசிக்க வேண்டிய விலை. 2024, 2025 மாடல்களில் வேகத்துக்காக மட்டும் வாங்கினால், தகாது. அந்தப் பணத்துக்கு வேகம் வேறு கடையில் மலிவாகவே கிடைக்கிறது.

கடைசியாக வாங்கியவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 2025 ஆகஸ்ட் 26-ல் டோச்சிகி ஆலையிலிருந்து கடைசி ஆர்35 வெளியே வந்தது, மிட்நைட் பர்ப்பிள் நிறத்தில், ஒரு ஜப்பானிய வாடிக்கையாளருக்காக. அவர்கள் கொடுத்தது காருக்கான விலை மட்டும் இல்லை, இனி கிடைக்காது என்பதற்கான விலையும்கூட. பிடித்த பொருளுக்கு அப்படிக் கொடுப்பது தவறும் இல்லை. ஆனால் காட்ஸில்லா பணக்காரர் வீட்டு கராஜில் வளர்க்கப் பிறந்தது இல்லை. அவர்களைச் சாலையில் முந்திக்கொண்டு போகப் பிறந்தது. அதை ஒரு சம்பளக்காரர் ஓட்டிப்போக முடிந்த வரைக்கும்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம் இருந்தது.