ஒரு விண்ணப்பமும் ஒரு வினாவும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் அநுபவங்களுள் ஒன்றை எழுதுதல் வேண்டும் என மலர்க்குழுவினர் பணித்துள்ளனர். வெற்றிகளை எழுதுதற்குப் பலர் உளர். ஆதலின் நான் ஓர் உத்தியோகத்திற்கு விண்ணப்பஞ் செய்த கதையை மாத்திரம் எழுதத் துணிந்தேன்.

2013 ஆம் ஆண்டு யூன் மாதம் 25 ஆந் தேதி அமெரிக்க உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. அலபாமா மாநிலத்து ஷெல்பி என்னும் மாவட்டம் தொடுத்த வழக்கு அது. நான் அக்காலை நியூ யோர்க் நகரில் வணிக ஒப்பந்தங்கள் எழுதும் சட்டத்தரணியாய்ப் பதினைந்து ஆண்டுகள் கழித்திருந்தேன். கப்பற் சரக்கும் காப்புறுதியுமே என் உலகம். எனினும் அன்று பிற்பகல் முழுதும் வேறு வேலை செய்யாது அத்தீர்ப்பையே வாசித்துக் கொண்டிருந்தேன்.

அதன் பொருளை இளைய மாணவர்க்காகச் சிறிது விளக்குவேன். 1965 மார்ச் 7 ஆந் தேதி செல்மா என்னும் ஊரின் பாலத்திலே, வாக்குரிமை வேண்டி அமைதியாய் நடந்து சென்ற ஏறக்குறைய அறுநூறு கறுப்பின மக்களைப் பொலிசார் தடிகொண்டு தாக்கினர். அவ்வாண்டு ஓகஸ்ற் 6 ஆந் தேதி ஜனாதிபதி ஜோன்சன் வாக்குரிமைச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவே அதன் முதுகெலும்பு. பாரபட்சம் செய்து பழகிய மாநிலங்கள் தேர்தல் விதியில் எதனை மாற்றுவதாயினும், ஒரு வாக்குச்சாவடியை ஒரு பாடசாலையிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாற்றுவதாயினுங்கூட, மத்திய அரசின் சட்டத் தலைமையதிபரிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன்னனுமதி பெறுதல் வேண்டும். 2013 ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்பிரிவை நேரே நீக்கவில்லை. எவ்வெவ் விடங்கள் அனுமதி பெறவேண்டும் என வரையறுத்த சூத்திரத்தையே செல்லாதென்றது. பூட்டு இருக்க, கதவு இல்லாத நிலை. ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்தளித்த தீர்ப்பு அது. அதே நாளில் ரெக்சாஸ் மாநிலம், நீதிமன்றம் தடுத்து வைத்திருந்த தன் அடையாளப் பத்திரச் சட்டம் இனி நடைமுறைக்கு வரும் என அறிவித்தது. கைத்துப்பாக்கி வைத்திருப்போர் அனுமதிப் பத்திரத்தைக் காட்டி வாக்களிக்கலாம். மாநிலப் பல்கலைக்கழக மாணவர் தம் அட்டையைக் காட்டி வாக்களித்தல் இயலாது.

அடுத்த ஆண்டு ஒரு குடியுரிமை நிறுவனம் வாக்குரிமை வழக்குகளை நடாத்தச் சட்டத்தரணி ஒருவர் தேவை என விளம்பரஞ் செய்தது. இலாபங் கருதாத நிறுவனம். சம்பளம் நான் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கு. மகள் பல்கலைக்கழகம் புகும் ஆண்டு அது. இரவு பதினொரு மணிக்கு விளம்பரத்தை வாசித்த என் மனைவி, "விண்ணப்பியுங்கள். கிடைத்த பின்பு சண்டை பிடிப்போம்" என்றாள்.

வேண்டப்பட்டவை நான்கு: வாழ்க்கைக் குறிப்பு, நற்சான்று தருவோர் மூவர் பெயர், சட்ட எழுத்து மாதிரி ஒன்று, விண்ணப்பக் கடிதம். எழுத்து மாதிரிதான் இடர் விளைத்தது. என்னிடம் இருந்தவை யாவும் காப்புறுதிப் பத்திரங்கள். மூன்று வாரம் இரவில் விழித்திருந்து, தொகுதி எல்லை வகுத்தல் பற்றிய 1986 ஆம் ஆண்டு ஜிங்கிள்ஸ் வழக்கை முற்றாய்ப் படித்தேன். சிறுபான்மையினர் ஒரு தொகுதியிற் பெரும்பான்மையாதற்குப் போதிய தொகையினராய் நெருங்கி வாழ்தல், ஒருமித்து வாக்களித்தல், பெரும்பான்மையினர் திரண்டு அவர்தம் வேட்பாளரைத் தோற்கடித்தல் என்னும் மூன்றையும் முதற்கண் நிறுவுதல் வேண்டும். கல்லூரியிற் கணக்கிலே வாங்கிய அடிகளெல்லாம் அப்போது பயன்பட்டன. இவ்வழக்குகளிற் சட்டத்தினும் புள்ளிவிபரமே மிகுதி.

கடிதம் எழுதுவது எளிதாயிருந்தது. மிக எளிதாயிருந்தது என்பதே பிழை. இலங்கையில் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தையும், அதனையடுத்து 1949 இல் மலைநாட்டுத் தமிழர் தேருநர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டதையும் விவரித்தேன். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதையும், 1952 இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாது போனதையும் குறிப்பிட்டேன். "நாங்கள் வாக்கிழந்தோம், ஆதலின் அதன் அருமையை அறிவேன்" என முடித்தேன். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிற்று.

நேர்முகத்துக்கு அழைத்தனர். மூவர் இருந்தனர். தலைமை வகித்த அம்மையார் அலபாமாவிற் பிறந்த முதிய கறுப்பினச் சட்டத்தரணி. ஜிங்கிள்ஸ் வழக்கைப் பற்றி ஒரு வினாவும் தொடுத்தாரில்லை. என் கடிதத்தை மேசைமேல் வைத்து ஒரு சொல்லின் மேல் விரலை ஊன்றி, "இந்த 'நாங்கள்' என்பவர் யாவர்?" என்று வினவினார்.

எம் குடும்பம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். 1931 ஆம் ஆண்டு தொட்டு எம்மவர் வாக்குரிமை உடையவரே. அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமளவுக்கு உடையவர். வாக்கிழந்தவர் எம் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்தவர். மலைநாட்டிலிருந்து சிறுபிராயத்திற் கொண்டுவரப்பட்டவர். கோடியிலிருந்த கொட்டிலிற் படுப்பார். எனக்கு நாற்பது வயது மூத்தவரை நாங்கள் "அவன்" என்றே கூறினோம். 1977 யூலை 21 ஆந் தேதி பாட்டனார் வேட்டி சால்வையுடன் வாக்களிக்கப் புறப்பட்டபோது, ஒன்பது வயதினனாகிய நான் அவரிடம், "நீ போகேல்லையோ?" என்றேன். "எனக்கு அந்தத் துண்டு வாறேல்லைத் தம்பி" என்று கூறி, வாழைக்குத் தண்ணீர் கட்டச் சென்றார்.

இதனையெல்லாம் அம்மூவரிடமும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கடிதத்திலிருந்த குரலாய் இருக்கவில்லை. அம்மையார் நெடுநேரம் பேசாதிருந்து, "இதனை ஏன் கடிதத்தில் எழுதவில்லை?" என்று மாத்திரம் கேட்டார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அந்த உத்தியோகம் வழக்காடிப் பழகிய மற்றொருவர்க்குக் கிடைத்தது. நியாயமே. ஆயின் ஒரு மாதத்தின்பின் அம்மையார் தொலைபேசியில் அழைத்து, ஓராண்டு ஒப்பந்தத்தில் வேறொரு வேலை உண்டென்றார். முன்னனுமதி அற்றுப் போனபின் சிற்றூர்ச் சபைகள் செய்யும் மாற்றங்களை எவரும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. ஆதலின் உள்ளூர்ப் பத்திரிகை அறிவித்தல்களையும் சபைக் கூட்டக் குறிப்புகளையும் நாள்தோறும் வாசித்து, எந்தச் சாவடி மூடப்படுகிறது, எந்த எல்லை நகர்த்தப்படுகிறது எனக் கண்டுபிடித்தல் வேண்டும். சலிப்பூட்டும் வேலை. சம்பளம் விளம்பரத்திற் கண்டதினுங் குறைவு. மனைவி வாக்களித்தவாறே சண்டை பிடித்தாள்; மூன்று நாள். நான்காம் நாள் பழைய காரியாலயத்துக்கு விலகற் கடிதம் கொடுத்தேன்.

வேலையேற்ற வாரத்தில் ஊரிலிருக்கும் தமையனாருக்கு எழுதி, தோட்டத்தில் வேலை செய்தவர் என்னவானார் என வினவினேன். யுத்த காலத்திற் கிளிநொச்சிப் பக்கம் சென்றார், அங்கே காலமானார் என மறுமொழி வந்தது. நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1988 இலும் 2003 இலும் நிறைவேறின; அவருக்கு அந்தத் துண்டு ஒருமுறையேனும் வந்ததா என்பதை அறிய விரும்பினேன். இடாப்பிற் றேடுவதற்கு முழுப்பெயரும் தகப்பன் பெயரும் வேண்டும். தமையனாரையும் சிற்றன்னையாரையும் அயலவரையும் விசாரித்தேன். முப்பது ஆண்டுக்கு மேலாக எம் வீட்டில் இருந்தவரின் முழுப்பெயர் எங்களுள் எவர்க்கும் தெரிந்திருக்கவில்லை.