தொட்டியும் வலையும்

எங்கள் வீட்டுப் புழக்கடையில், துவைகல்லை ஒட்டிப் பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. 8 அடி நீளம், 5 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். பயனற்றுக் கிடந்த அதனை, பணி ஓய்வு பெற்ற ஆண்டில் கழுவி நீர் நிரப்பினேன். கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி 12 பொன்மீன்களை வாங்கி வந்து விட்டாள். ஊருக்குப் புறப்படுகையில், "தாத்தா, நான் மறுபடி வரும்போது பன்னிரண்டும் இருக்க வேண்டும்" என்றாள். அன்று முதல் மீன்களை எண்ணுவதே என் காலைக் கடமையாயிற்று.

இரண்டாம் வாரம் எண்ணிக்கை 9 ஆகக் குறைந்தது. அடுத்த வீட்டுப் பூனையை ஐயுற்றேன். விடியற்காலையில் கதவிடுக்கில் நின்று பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. தொட்டிச் சுவரின்மேல் மண்ணிறத்தில் ஓர் உருவம் அசைவற்று அமர்ந்திருந்தது. மடையான்! ஆள் மிக அருகில் வரும்வரை பறக்காததால் அதைக் குருட்டுக் கொக்கு என்பார்கள். அது குருடன்று, தன் நிறம் தன்னை மறைக்கும் என்ற உறுதி அதற்கு. நான் கதவைத் திறந்ததும் அம்மண்ணுருவம் வெண்சிறகுகளாய் விரிந்து எழுந்தது. அலகில் தீப்பொறி போல ஒரு மீன்.

அன்று முழுதும் ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆற்றுக் கெண்டைக்கு முதுகு கருமை, வயிறு வெண்மை. மேலிருந்து நோக்கும் பறவைக்கு அது நீரின் இருளோடு கலந்துவிடும். பொன்மீனின் முன்னோரும் அத்தகைய மங்கிய நிறத்தவரே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனத்தில் மனிதர் அழகு கருதித் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததால் பொன்னிறம் நிலைபெற்றது. நாம் அணிவித்த அழகே அவற்றைக் காட்டிக் கொடுக்கிறது. ஆகவே காக்கும் கடனும் நம்முடையதே என்று முடிவு செய்தேன்.

கடைத்தெருவில் மெல்லிய நைலான் வலை வாங்கித் தொட்டியின்மேல் தொய்வாகப் போர்த்தினேன். கொக்கு வரவில்லை. மீன்கொத்தி முருங்கைக் கிளையில் அமர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. எண்ணிக்கை குறையவில்லை. வென்றுவிட்ட களிப்பில் மூன்று நாள்கள் தொட்டிப் பக்கம் எட்டியும் பாராதிருந்தேன்.

நான்காம் நாள் என் மனைவி அழைத்தாள். "இங்கே வந்து பாருங்கள்." வலையின் ஓர் ஓரத்தில் நீர்க்கோலி ஒன்று சிக்கியிருந்தது. நஞ்சற்ற தண்ணீர்ப் பாம்பு. விடுபடத் திமிறத் திமிற நூல் செதிலுக்கு அடியில் இறங்கியிருந்தது. அவள் தையல் கத்தரியைக் கொணர்ந்தாள். இழை இழையாக அறுத்தோம். மாலைக்குள் அது இறந்துபோயிற்று. "மீனைக் காத்தீர்கள். வலையை யார் காப்பது?" என்றாள். அவள் சினந்திருந்தால் தாங்கியிருப்பேன்; அவள் குரலில் வருத்தமே இருந்தது.

அந்த ஞாயிறன்று தொலைபேசியில் பேத்தி மீன்களின் நலம் கேட்டாள். "நலம்" என்றேன். பாம்பைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை.

வலையைச் சுருட்டி எறிந்துவிட்டு, கொத்தனாரை வைத்துச் சுவரை 2 அடி உயர்த்தினேன். நீர் இரண்டரை அடி. விளிம்புக்கும் நீருக்கும் ஓரடி இடைவெளி. இனிக் கொக்கு நின்று மீன் பிடிக்க ஆழமற்ற இடம் இல்லை. விளிம்பிலிருந்து அலகும் எட்டாது. அடியில் உடைந்த மண்பானைகளைக் கவிழ்த்தேன். ஒருபுறம் அல்லி, மறுபுறம் வேலம்பாசி. பாதித் தொட்டிக்கு, பாம்பின் தலை நுழையாத சிறு கண்ணுடைய விறைப்பான கம்பிவலையை மரச்சட்டத்தில் அடித்துப் பொருத்தினேன். தவறி விழும் உயிர்கள் ஏறிவர ஒரு சொரசொரப்பான பலகையையும் சாய்த்து வைத்தேன். எல்லாவற்றிலும் முதன்மையானது, நாள்தோறும் சென்று பார்ப்பது. அதன் பிறகும் மீன்கொத்தி 2 மீன்களைக் கொண்டுபோயிற்று. அதனோடு நான் வழக்காடவில்லை.

மறு கோடையில் பேத்தி வந்தாள். தொட்டியருகே அமரவைத்து, பாம்பின் கதையையும் நான் மறைத்ததையும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவள், பின்பு எண்ணத் தொடங்கினாள். "ஆறுதான் இருக்கிறது, தாத்தா." சற்றுப் பொறுத்து, "பாசிக்குள் ஏதோ கறுப்பாக ஓடுகிறதே?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். குஞ்சுகள்! பொன்மீன் குஞ்சுகள் பிறக்கும்போது பொன்னிறத்தில் இருப்பதில்லை. முன்னோரின் மங்கிய நிறத்தோடுதான் பிறக்கின்றன. பொன்னிறம் பின்னரே ஏறுகிறது. முருங்கைக் கிளையில் மீன்கொத்தி இருந்தது. அதன் கண்ணுக்கு அவை தென்பட்டனவோ இல்லையோ, எங்களாலும் அவற்றை எண்ணி முடிக்க இயலவில்லை.