குலுக்கின சீட்டை மறுபடி குலுக்கலாமா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பழவேற்காடு கோட்டைக்குப்பத்துல ஒரு வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து நல்லா அசிங்கப்பட்டேன். காரணம் மனுஷங்க இல்லீங்க, ஒரு மென்பொருள் அப்கிரேடு. சொந்தக் கதை சோகக் கதைதான். ஆனா என்னை மாதிரி பொட்டி தட்டிப் பிழைக்கிற மக்களுக்கு உதவுமேன்னு எழுதி வைக்கிறேன்.

அக்கா பொண்ணு பழவேற்காடு ஏரியில மீன், இறால் வரத்து பத்தி ஆராய்ச்சி பண்றா. 2018-ல 120 படகுகள் உள்ள பட்டியல்லேர்ந்து குலுக்கல் முறையில 30 படகு எடுத்துக் குடுத்தது நான்தான். 'ஆர்' மென்பொருள், பதிப்பு 3.5. (ஆக்லாந்து பல்கலைக்கழகத்துல ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சது. புள்ளியியல்காரங்களுக்கு இலவச அட்சய பாத்திரம்!) அந்த 30 வீட்டுக்காரங்களும் ஒரு வருஷம் தினமும் நோட்டுல எழுதிக் குடுத்தாங்க. அப்புறம் கல்யாணம், குழந்தைன்னு ஆராய்ச்சி நின்னு போய், இப்பத்தான் திரும்ப எடுத்திருக்கா.

"மாமா, பழைய நிரலை ஒரு தடவை ஓட்டிக் குடுங்களேன்" அப்படின்னா. இது என்ன பெரிய ஆணியான்னு புது லேப்டாப்புல ஆர் 4.5 போட்டேன். அங்க ஆரம்பிச்சது சனி.

முதல் தப்பு, பழைய லேப்டாப்புல இருந்த பேக்கேஜ் ஃபோல்டரை அப்படியே தூக்கிப் புதுசுல போட்டது. "இது ஆர் 4.0.0-க்கு முன்னாடி கட்டினது, திரும்ப நிறுவு"ன்னு வரிசையா திட்டு. பழைய வீட்டுச் சாவி புது வீட்டுக்குச் சேருமா? ஃபோல்டரை அழிச்சுட்டு, பேக்கேஜ் பேர்களை மட்டும் பட்டியல் எடுத்து, எல்லாத்தையும் புதுசா இறக்கினேன். அதே பொட்டியில அப்கிரேடு பண்றவங்க 'அப்டேட்.பேக்கேஜஸ்' கட்டளையில 'செக்பில்ட்'டை 'ட்ரூ'ன்னு குடுத்தா, பழைய ஆர்ல கட்டினதை எல்லாம் அதுவே புதுப்பிச்சுக்கும்.

ரெண்டாவது, ஏரி வரைபடத்துக்கு வச்சிருந்த 'ஆர்ஜிடால்' பேக்கேஜே கிடைக்கலை. 2023 அக்டோபர்ல 'ஆர்ஜியாஸ்', 'மேப்டூல்ஸ்' ரெண்டோடயும் சேர்த்து அதுக்கு ஓய்வு குடுத்துட்டாங்க. 'எஸ்எஃப்' பேக்கேஜுக்கு மாத்தி எழுதினேன். ஒரு மணி நேர வேலை.

மூணாவது, ஊர்வாரியா வர வேண்டிய படங்கள் வரலை. பிழைச் செய்தியும் இல்லை! 2020-ல வந்த 4.0.0-லேர்ந்து, கோப்பைப் படிக்கும்போது எழுத்து உள்ள பத்தியை 'ஃபேக்டரா' மாத்துற பழக்கத்தை ஆர் விட்டுடுச்சு. என் லூப்பு ஊர்ப்பேரை எல்லாம் அந்த ஃபேக்டர்லேர்ந்துதான் எடுக்கும். ஒண்ணுமே கிடைக்காததால ஒரு சுத்து கூட ஓடாம முடிஞ்சிருக்கு. அந்தப் பத்தியை நானே ஃபேக்டரா மாத்தினேன், படம் வந்துச்சு.

ராத்திரி ரெண்டு மணி. சிவப்பு எழுத்து ஒண்ணு கூட இல்லை. நான்தான் கில்லின்னு நினைச்சுக்கிட்டு, 30 படகோட எண்களையும் சராசரி வரத்தையும் அச்சடிச்சுக் குடுத்துட்டேன். நோட்டு எழுதின குடும்பங்களுக்கு முடிவைக் காட்டணும்னு அவளுக்கு ஆசை. நானும் கூடப் போனேன்.

பெரியவர் ஒருத்தர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு விரலை வச்சு ஒவ்வொரு எண்ணா பார்த்தார். மேலேர்ந்து கீழ. திரும்ப மேலேர்ந்து கீழ.

"பாப்பா, நம்ம படகு இதுல இல்லியே?"

உள்ள போய் நோட்டை எடுத்துட்டு வந்தார். ஒரு நாள் விடாம எழுதியிருக்கார். ஏரிக்குப் போகாத நாளைக்குக் கூட 'போகலை'ன்னு ஒரு வரி. முதல் பக்கத்துல அக்கா பொண்ணு கையெழுத்து: மாதிரி எண் 7, படகு எண் 43. என் பட்டியல்ல ஏழாவதா இருந்தது வேற எண். 43 எங்கயுமே இல்லை. அவ என்னைப் பார்த்தா. நான் தரையைப் பார்த்தேன்.

அப்புறம்தான் உறைச்சுது. குலுக்கலுக்கு 'செட்.சீட்'னு ஒரு எண் குடுத்து வச்சா எத்தனை தடவை ஓட்டினாலும் அதே முடிவு வரும்னு நம்பி, பட்டியலை நான் சேமிக்கவே இல்லை. ஆனா 2019-ல வந்த 3.6.0-ல 'சாம்பிள்' கட்டளை குலுக்குற விதத்தையே மாத்திட்டாங்க. பழைய முறையில ரவுண்டிங் பண்றதால எல்லாருக்கும் துல்லியமா சம வாய்ப்பு இல்லைன்னு திருத்தினது. நியாயமான திருத்தம்தான். ஆனா அதே விதை எண்ணுக்கு இப்ப வேற சீட்டு! புதுசா வந்த 30-ல 8 படகுக்குத்தான் நோட்டே இருந்திருக்கு. மத்த 22-க்கும் வெற்றிடம். வெற்றிடத்தை விட்டுட்டு சராசரி போடுன்னு நானே எழுதி வச்சிருந்ததால நிரல் வாயே திறக்கலை.

திண்ணையிலேயே லேப்டாப்பைத் திறந்து, 'ஆர்என்ஜிகைண்ட்' கட்டளையில 'சாம்பிள்.கைண்ட்'டை 'ரவுண்டிங்'னு பழைய முறைக்கு மாத்தி, அதுக்கு அப்புறம் விதை எண்ணைக் குடுத்து ஓட்டினேன். ஒரு எச்சரிக்கை வந்துச்சு, பரவாயில்லை. ஏழாவது எண்: 43. காட்டினேன். பெரியவர் சிரிக்கலை.

"இன்னா தம்பி, ஒரு தபா குலுக்கினா குலுக்கினதுதான? மறுபடி எதுக்குக் குலுக்கின?"

அவர் சொன்னது சும்மா இல்லீங்க. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூணு ஊருலயும் 'பாடு'ன்னு ஒரு முறை உண்டு. ஏரியில எந்த இடத்துல யார் எப்ப சுத்து வலை போடறதுன்னு சீட்டுப் போட்டு முறை வச்சுப் பிரிச்சுக்கறது. நல்ல இடம் ஒருத்தர் கையிலயே தங்கிடக் கூடாதுங்கற கணக்கு. விழுந்த சீட்டு விழுந்ததுதான். சரியா இருக்கான்னு பார்க்க யாரும் மறுபடி குலுக்க மாட்டாங்க. நான் மட்டும் விழுந்த சீட்டைத் தூரப் போட்டுட்டு, குலுக்குற டப்பாவைப் பத்திரமா வச்சிருந்திருக்கேன்!

அந்த எட்டு நோட்டுச் சராசரி அப்படியே ஆய்வேட்டுல ஏறியிருக்கும். நாளைக்கு ஏரி முகத்துவாரம் மணல் மூடுது, வரத்து குறையுதுன்னு யாராவது பேசும்போது அந்த எண்ணைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. ஒரு வருஷம் எழுதின 22 வீட்டோட உழைப்பு அதுல இருந்திருக்காது. அதை நினைச்சா இன்னும் வயித்தைக் கலக்குது.

இப்ப குலுக்கினதும் பட்டியலைத் தனிக் கோப்புல எழுதிடறேன். எந்தெந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்புன்னு 'ரென்வ்' மூலமா பூட்டி வைக்கிறேன். கடைசியில 'செஷன்இன்ஃபோ' அடிச்சு அதையும் சேமிக்கிறேன். அப்கிரேடு பண்ணினா, பழைய விடையும் புது விடையும் ஒத்துப் போகுதான்னு பார்த்துட்டுத்தான் அடுத்த வேலை. பிழை காட்டுற பேக்கேஜ் நல்ல பேக்கேஜ் மக்களே. சத்தம் போடாம ஓடுறதுகிட்டதான் சூதானமா இருக்கணும்.

கிளம்பும்போது பெரியவர் நோட்டை எங்ககிட்ட குடுக்கலை. "போட்டோ புடிச்சிக்கோ பாப்பா. இது இங்கயே இருக்கட்டும்"னு உள்ள கொண்டு போய் வச்சுட்டார்.

அவருக்குத் தெரிஞ்சிருக்கு.