தலைவரை நீக்கினால் குடும்பம் என்னாகும்?

பெண்களின் சேமிப்புக் குழுக்கள் தமது கணக்குகளைப் பதிந்து வைக்கும் இணையச் செயலிகளுக்குச் செய்நிரல் எழுதுவது எனது தொழில். "நாள் முழுக்கக் கணனிக்கு முன்னால் இருந்து என்னதான் செய்கிறாய்?" என்று அயலவர்கள் கேட்பதுண்டு. யார் யாருக்கு உரியவர், எது எவருக்குச் சொந்தம் என்பதைக் கணனிக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அது சரியாக நடந்துகொள்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் இவ்வளவுதான்.

நான் பயன்படுத்துவது ரூபி ஒன் றெயில்ஸ் என்னும் சட்டகம். டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன் இதனை 2004 இல் வெளியிட்டார். இதில் ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் ஒரு மொடல் உண்டு. உறுப்பினர் ஒரு மொடல், சேமிப்புக் கணக்கு இன்னொரு மொடல். கணக்கு உறுப்பினருக்கு உரியது என்பதை 'பிலோங்ஸ் டு' என்றும், உறுப்பினருக்குப் பல கணக்குகள் உண்டு என்பதை 'ஹேஸ் மெனி' என்றும் ஒரே வரியில் எழுதிவிடலாம். கணக்கின் பதிவிலே உறுப்பினரின் இலக்கம் இருக்கும். அதனை அந்நியச் சாவி என்பார்கள். இந்த இணைப்பையே தொடர்பு என்கிறோம்.

தொடர்பைச் சோதிக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, அந்த வரி எழுதப்பட்டுள்ளதா, அந்நியச் சாவிக்குரிய புலம் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. 'ஷுடா மச்சர்ஸ்' என்னும் துணைக்கருவி இதனை ஒரே வரியில் செய்து தரும். இரண்டாவது வழி, உண்மையான ஆட்களைப் போலப் பதிவுகளை உண்டாக்கி, ஒன்றை மாற்றி அல்லது நீக்கி, மற்றவற்றுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பது. முதலாவது வழி, எழுதியதை எழுதியிருக்கிறோமா என்று மட்டுமே சொல்லும். எழுதிய விதி நியாயமானதா என்று அது சொல்லாது.

வேறொருவர் ஆக்கிய ஒரு செயலியைத் திருத்தித் தரும்படி என்னிடம் ஒருமுறை கேட்டார்கள். அதிலே குடும்பம் என்றொரு மொடலே இருக்கவில்லை. 'குடும்பத் தலைவர்' என்ற மொடலின் கீழே மனைவி, பிள்ளைகள், அவர்களின் கணக்குகள் யாவும் தொங்கிக்கொண்டிருந்தன. கூடவே 'டிபென்டன்ட் டிஸ்ட்ரோய்' என்ற விதியும் போடப்பட்டிருந்தது. தலைவரின் பதிவு அழிந்தால் அவரைச் சார்ந்தவற்றையும் அழித்துவிடு என்பது அதன் பொருள். இருந்த சோதனைகள் எல்லாம் பச்சை நிறத்தில் சித்தியடைந்தன. ஏனெனில் அவை அந்த விதி எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டுமே கேட்டன.

குழுக்களைப் பார்க்கும் வெளிக்கள உத்தியோகத்தர் அக்கா ஒருவர்தான் சரியான கேள்வியைக் கேட்டார். "தங்கச்சி, மனுசன் மோசம் போனபிறகு அவற்றை பேரை எடுத்துவிட்டால், மனுசியின்ரை காசுக் கணக்கு இருக்குமோ?"

அக்காவின் கேள்வியை அப்படியே ஒரு சோதனையாக எழுதினேன். ஒரு தலைவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், மனைவியின் பெயரில் ரூபா 12,000 உள்ள கணக்கு. தலைவரை நீக்கியபின் 3 பேரும் 1 கணக்கும் இருக்க வேண்டும். கணனி தந்த விடை 0 பேர், 0 கணக்கு. சோதனைக்கெனத் தனித் தரவுத்தளம் உண்டு என்பதால் எவருடைய உண்மைக் கணக்கும் பாதிக்கப்படவில்லை. ஆனால் திரையில் அந்தச் சிவப்பு எழுத்துகளைப் பார்த்தபோது மனம் திக்கென்றது.

பின்னர் குடும்பத்தைத் தனி மொடலாக்கினோம். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சம உறுப்பினர்கள். தலைவர் என்பது அவர்களில் ஒருவருக்குரிய பொறுப்பு மட்டுமே. அவர் நீங்கினால் அந்த இடம் வெறுமையாகும், வேறெதுவும் அழியாது. கணக்கு உள்ள உறுப்பினரை நீக்க முயன்றால் செயலி மறுத்துவிடும். 2016 இல் வந்த றெயில்ஸ் 5 முதல், 'பிலோங்ஸ் டு' என்று எழுதினால் மறுமுனையில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதே இயல்பான விதி. ஆகவே தலைவர் இடம் கட்டாயமில்லை என்று குறிப்பிட்டு எழுதினோம். தலைவர் குறிக்கப்படாத குடும்பமும் செல்லுபடியாகும் என்பதற்கும் ஒரு சோதனை வைத்தோம்.

இலங்கையின் 2016 ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவின ஆய்வின்படி சுமார் நான்கில் ஒரு குடும்பம் பெண் தலைமையில் இயங்கியது. ஆண் இல்லாவிட்டால் குடும்பமே இல்லை என்று ஒரு செயலி கணக்கிடுமானால், இழப்பு யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சகோதரிகளே, உங்கள் குழுவின் கணக்குகள் கணனிக்கு மாற்றப்படும்போது அந்த அக்காவைப் போல நீங்களும் கேளுங்கள். ஒருவர் இறந்தால், பிரிந்தால், வெளிநாடு போனால், என் பதிவுக்கு என்ன நடக்கும்? இதைக் கேட்பதற்குக் கணனி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதைச் சோதனையாக எழுதி, செய்து காட்டுவது எம்மைப் போன்றவர்களின் கடமை.