காலடியில் பிறந்த வெளிச்சம்

ரியோ டி ஜெனிரோ என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவை நீலக் கடலும், மலையுச்சியில் இரு கரங்களையும் விரித்து நிற்கும் ஏசுநாதர் சிலையுந்தான். ஆனால் அந்த பிரேஸில் நாட்டு நகரத்தின் குன்றுச் சரிவுகளில், வீட்டின்மேல் வீடாக நெருக்கியடித்துக் கொண்டிருக்கும் ஏழைகளின் குடியிருப்புகளும் அநேகம் உண்டு. அவற்றை ‘ஃபவேலா’ என்பார்கள். மோரோ டா மினேய்ரா அவற்றுள் ஒன்று.

அங்குள்ள சிறு கால்பந்து மைதானத்தில் 2014-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஆடுகளத்தின் அடியில் சுமார் 200 தகடுகளைப் பதித்தார்கள். பிள்ளைகள் அவற்றின்மேல் ஓடியாடினால் மின்சாரம் உண்டாகும். அது இரவில் மைதானத்து விளக்குகளுக்கு உதவும். திறப்பு விழாவுக்குக் கால்பந்து வீரர் பெலேயே வந்திருந்தார் என்றால், அந்தக் குன்றுவாசிகளின் குதூகலத்தைக் கேட்பானேன்!

தகட்டில் மாயம் ஒன்றுமில்லை. அதை அமைத்தவர் லாரன்ஸ் கெம்பல்-குக் என்னும் ஆங்கிலேயர். மிதித்தால் தகடு சில மில்லிமீட்டர் தாழும். அந்த அசைவைக் கொண்டு, 1831-இல் ஃபாரடே கண்டறிந்த காந்தத் தத்துவப்படி, கம்பிச் சுருளில் மின்சாரம் எழுப்புகிறார்கள்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? 60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதித்து, தகடு 5 மில்லிமீட்டர் தாழ்வதாக வைத்துக்கொள்வோம். கிடைக்கும் சக்தி சுமார் 3 ஜூல். சிறிதும் வீணாகாமல் அவ்வளவும் மின்சாரமானால்கூட, 5 வாட் விளக்கு ஒன்று ஒரு மணி நேரம் எரிய 6,000 அடிகள் வேண்டும்! சிறுவர்களின் எடையோ இன்னும் குறைவு. ஆகவேதான் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளையும் அங்கே துணைக்கு அமைத்தார்கள்.

அப்படியானால் இது வெறும் வேடிக்கைதானா? நான் அவ்விதம் நினைக்கவில்லை. விசையைத் தட்டியதும் வெளிச்சம் வருவதால், அதன் பின்னாலுள்ள உழைப்பை நாம் அறிவதேயில்லை. அக்குன்றின் பிள்ளைகளோ அதைத் தங்கள் கால்களாலேயே அறிந்தார்கள். ஆளில்லாத அறையில் விளக்கு எரியக் கண்டால், அந்த 6,000 அடிகளை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கை தானாகவே விசையை நாடிச் செல்லும்.