காப்பும் உறுதியும்

எங்கள் தோட்டத்தின் இரண்டு பிரிவுகளுக்கும் இடையே ஓர் அரசாங்கச் சாலை சென்றது. 1966ஆம் ஆண்டில் ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு, அச்சாலை வழியே மிதிவண்டியில் பிரட்டுக்குச் சென்றுகொண்டிருந்த என் தந்தையார், பின்னால் வந்த மரலாரி மோதி உயிர் நீத்தார். அப்பொழுது எனக்கு வயது பத்து. எனக்குப் பின்னே இரண்டு தங்கையர்.

பெரிய கிராணியார் இரக்கமுள்ள மனிதர். இழப்பீடு கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுதி, அம்மாவின் கைநாட்டை வாங்கி அனுப்பினார். சில வாரங்களில் மறுமொழி வந்தது. அதைப் படித்துவிட்டு, "பிரட்டுல பேரு குடுக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரும்மா, வேலை இன்னும் தொடங்கலையாம்," என்றார்.

"வேலைக்குத்தானேங்க ஐயா போனாரு?" என்று கேட்டார் அம்மா.

கிராணியார் தலைகுனிந்து நின்றார். அன்று நடைமுறையில் இருந்த 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின் காரணமாக வேலை நேரத்தில் நேரும் விபத்தையே பொதுவாகக் கணக்கில் கொண்டது. வேலைக்குப் போகும் வழியில் நேர்வது தொழிலாளியின் தலைவிதியாகக் கருதப்பட்டது. அம்மாவின் கைக்காப்பு அடகுக்கடைக்குப் போயிற்று. அது திரும்பி வரவே இல்லை.

ஐந்தாண்டுகள் கழித்து, 1971இல், சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய சொக்சோ தொடங்கப்பெற்றது. அதற்கு அடிப்படையான 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் பின்னாளில் நான் ஆசிரியனாகிய பிறகுதான் படித்தேன். தொழிலாளி தன் இருப்பிடத்துக்கும் வேலையிடத்துக்கும் இடையே செல்லும் வழியில் நேரும் விபத்தும் தொழில் விபத்தே என்று அது கூறுகின்றது. இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரே தடவையில் முடிந்துபோகும் தொகையாக அன்றி, மாதந்தோறும் உதவித்தொகை வருகின்றது. துணைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு. பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. அம்மா அன்று கேட்ட கேள்விக்கு அந்தச் சட்டத்தில் விடை இருந்தது. ஆனால் அதைப் படித்துக் காட்டுவதற்கு அம்மா உயிரோடு இல்லை.

அதன் பின்னர் அக்குடையின் நிழல் மெல்ல மெல்ல விரிந்து வந்திருக்கின்றது. வேலையை இழந்தோருக்கான காப்புறுதித் திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. அயல்நாட்டுத் தொழிலாளர் 2019இலும், வீட்டுப் பணிப்பெண்கள் 2021இலும் சொக்சோவுக்குள் கொண்டுவரப்பட்டனர். ஊதியம் பெறாத இல்லத்தரசிகளுக்கும் ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் 2022 டிசம்பரில் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. இவற்றையெல்லாம் நாளேட்டில் படிக்கும்போது, நாடு நெடுந்தொலைவு வந்துவிட்டது என்று எண்ணி நெஞ்சம் நிறைவேன்.

அந்த நிறைவை என் பழைய மாணவன் ஒருவன் குலைத்துவிட்டான். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு சேர்க்கும் தொழில் செய்பவன் அவன். 2023இல் ஒரு மழைநாளில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். மருத்துவமனையில் அவனைக் கண்டபோது, "சொக்சோ இருக்கிறதல்லவா?" என்று வினவினேன்.

"கம்பெனி போட்டிருக்கும்னு நெனச்சேன் சார்," என்றான்.

ஒருவரும் போட்டிருக்கவில்லை. சுயதொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வாடகைக்கார் ஓட்டுநர்களுக்கென வந்து, 2020இல் இவனைப் போன்றோரையும் உள்ளடக்கியது. ஆனால் அதில் தொழிலாளியே பதிந்து சந்தா செலுத்த வேண்டும். அவன் அதை அறிந்திருக்கவில்லை. நான்கு மாதங்கள் வருமானம் இன்றிக் கிடந்தான். அவனுடைய மனைவியின் கைவளையல்கள் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்தது.

2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம் இந்த ஓட்டையை அடைக்க முற்படுகின்றது. நன்றே. எனினும், என் மனச்சாட்சி என்னை விடவில்லை. என் தந்தையார் இறந்தபோது சட்டம் இல்லை. என் மாணவன் விழுந்தபோது சட்டம் இருந்தது. அவனுக்குத்தான் அது தெரியவில்லை. ஆறாண்டுகள் அவனுக்குத் தமிழ் கற்பித்தவன் நான். விடுப்புக் கடிதமும் பாராட்டுக் கடிதமும் எழுதப் பழக்கினேன். ஒரு வேலை ஒப்பந்தத்தையோ ஊதியச் சீட்டையோ வகுப்பறைக்கு ஒரு நாளும் நான் கொண்டு சென்றதில்லை.

அழகிய நம் சொல் 'காப்புறுதி'. காப்பும் உறுதியும் சேர்ந்தது அது. காப்பைச் சட்டம் தருகின்றது. உறுதியோ, அதை அறிந்து கேட்டுப் பெறுபவனிடமே இருக்கின்றது. ஆசிரியப் பெருமக்களே, ஓர் ஊதியச் சீட்டை மாணவர் முன் விரித்து, அதில் சொக்சோ என்னும் வரி எங்கே இருக்கின்றது என்று கேளுங்கள். மாணவ மணிகளே, இன்றிரவு உங்கள் தந்தையாரிடமும் தாயாரிடமும் அதையே கேளுங்கள். அந்த வரி அங்கே இல்லையென்றால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள். "வேலைக்குத்தானே போனாரு?" என்று இனி எந்தத் தாயும் விடை தெரியாமல் நிற்க வேண்டாம்.